நயாகாட் ஸ்டேஷன் சரித்திரம்

அந்தமானில் ரயில் கிடையாது என்று மெயின்லேண்டிலிருந்து வருகிறவர்கள் பெரிய கண்டுபிடிப்பு போலச் சொல்வார்கள். நயாகாட்டில் வந்து அப்படிச் சொன்னால் அவர்களுக்கு ஆறிப்போன டீதான் கிடைக்கும். சாத்தம் மர மில்லுக்கு எதிர்க்கரையில், படகுத்துறைக்கு மேலே, தகரக் கூரை போட்ட ஒரு கொட்டகை இருந்தது. அதன் நடுவே இரண்டு தண்டவாளங்கள். காலையில் காட்டிலிருந்து குர்ஜன் மரங்களை ஏற்றிக்கொண்டு டிராலிகள் சரிவில் இறங்கி வரும். மரங்களின்மேல் மில் கூலிகள், ஆபீஸ் பியூன்கள், கீரைக்கட்டோடு பெண்கள், எல்லாரும் சாப்பாட்டுத் தூக்கை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். துறையில் இறங்கி ஃபெரி பிடித்துச் சாத்தம் போவார்கள். சாயங்காலம் காலி டிராலிகளை யானை மேலே இழுத்துப் போகும். வழியில் யார் வீட்டிலாவது வாழை தார் விட்டிருந்தால் யானை நின்றுவிடும், சர்க்கார் உத்தியோகஸ்தர்கள் அதன் மனசு மாறும்வரை காத்திருக்க வேண்டியதுதான். டிக்கெட் கிடையாது. ஆனால் கொட்டகை இருந்தது, பெஞ்சு இருந்தது, மணிக்குப் பதிலாக அடிக்க ஒரு தண்டவாளத் துண்டு தொங்கியது, டீக்கடையும் இருந்தது. ஒரு ஸ்டேஷனுக்கு வேறு என்ன வேண்டும் என்று நயாகாட்காரர்கள் கேட்பார்கள்.

டீக்கடை விசாலாட்சியுடையது. அவள் புருஷன் சண்முகம் அந்த லைனில் டிராலிக்குப் பிரேக் போடுகிறவனாக இருந்து, ஒரு மழைக்காலத்துக் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தான். மிச்சம் வைத்துவிட்டுப் போனது தங்கம் என்ற ஒரு மகளையும் இந்தக் கடையையும்தான். விசாலாட்சிக்குச் சந்தேகம் கூடப் பிறந்தது. பால்காரன் ஊற்றிய பாலை விரலில் தொட்டு நக்கிப் பார்த்துவிட்டுத்தான் அடுப்பில் வைப்பாள். டீ நன்றாக இருக்கிறது என்று யாராவது சொன்னால் கடன் கேட்கப் போகிறான் என்று முகத்தைத் திருப்பிக்கொள்வாள். ஃபெரிக்காரன் சிரித்தால் ஏன் சிரிக்கிறான் என்று அன்றைக்கு முழுவதும் யோசிப்பாள்.

இப்படிப்பட்டவள் ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் வாயைத் திறக்கமாட்டாள். அது அவள் ஒருத்தியின் குணம் இல்லை, நயாகாட்டின் பழைய குடும்பங்கள் எல்லாவற்றுக்கும் உள்ள வழக்கம். அந்தக் குடும்பங்களின் பாட்டனும் பூட்டனும் கைதிகளாகக் கப்பலில் வந்தவர்கள், தண்டனைக் காலம் முடிந்ததும் இங்கேயே நிலம் வாங்கித் தங்கிவிட்டவர்கள். எதற்காக வந்தார்கள் என்று யாரும் யாரையும் கேட்பதில்லை. தண்ணீர்க் குழாயடியில் தலைமுடியைப் பிடித்துச் சண்டை போடும்போதுகூட, எல்லா வசவும் வாயில் வரும், அந்த ஒன்று வராது. பக்கத்து வீட்டு முத்துமணியும் விசாலாட்சியும் சிறு வயதிலிருந்தே சிநேகிதிகள். முத்துமணியின் தாத்தா என்ன செய்துவிட்டு வந்தார் என்று விசாலாட்சிக்குத் தெரியாது, இவள் தாத்தாவைப் பற்றி அவளுக்கும் தெரியாது. பெற்ற பிள்ளைகளுக்கும் சொல்லமாட்டார்கள். யாரிடமும் எங்கிருந்து வந்தாய், ஏன் வந்தாய் என்று கேட்காதே என்பதைத்தான் பிள்ளைகளுக்கு முதல் மரியாதையாகச் சொல்லிக் கொடுப்பார்கள்.

அறுபத்து மூன்றாம் வருஷம் ஸ்டேஷனுக்குக் காலம் முடிந்தது. கைக்கு எட்டிய காடெல்லாம் வெட்டித் தீர்ந்துவிட்டது. உள்ளே ரோடு போட்டு லாரி ஓட ஆரம்பித்தது. தண்டவாளத்தைப் பிடுங்கிவிட்டு, கொட்டகையைப் பிரித்து, அதே இடத்தில் சிமெண்டுத் தளத்தோடு பஸ் ஸ்டாண்டு கட்டப்போவதாக உத்தரவு வந்தது. வேலையைக் கான்ட்ராக்ட் எடுத்தவர் மரைன் ஹில்லில் வாடகைக்கு இருந்த ஜம்புலிங்கம். விருத்தாசலம் பக்கத்துக்காரர், தீவுக்கு வந்து அப்போது இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. வேலையைப் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்ளத் தம்பி கோவிந்தராஜை நயாகாட்டுக்கு அனுப்பினார். பையன் அதிர்ந்து பேசமாட்டான். டீ குடித்த கிளாசைத் தானே கழுவி வைப்பான். தங்கம் இருக்கிற பக்கம் பார்க்காமல் இருக்க அவன் பட்ட பாட்டை முத்துமணிதான் முதலில் கண்டுபிடித்தாள். கொஞ்ச நாளில் ஜம்புலிங்கமே வெற்றிலை பாக்கோடு வந்து பெண் கேட்டார்.

அவர் சாதி கேட்கவில்லை, ஜாதகம் கேட்கவில்லை, சீர் என்ன செய்வீர்கள் என்றும் கேட்கவில்லை. பெண் மட்டும் போதும் என்றார். கைதி வம்சத்துப் பெண் என்றால் மெயின்லேண்டுக் குடும்பங்கள் எட்டடி தள்ளி நிற்கிற காலம் அது. பாலில் தண்ணீர் கண்டுபிடிக்கிற விசாலாட்சிக்கு இதில் ஏன் மூக்கு வேலை செய்யவில்லை என்று கேட்டால், அவளிடம் அதற்கு ஒரு நியாயம் இருந்தது. நாம் அவரை ஒன்று கேட்டால், அவர் நம்மை ஒன்று கேட்கும் உரிமை வந்துவிடும். அவர் கேட்கவில்லை, நாமும் கேட்கக் கூடாது. தை மாதம் கல்யாணம் என்று பேசி முடித்தார்கள். தங்கத்தின் வாழ்க்கை ஒரு நல்ல இடத்தில் போய் அமையப்போகிறது, அதைக் கெடுக்கிற மாதிரி எதுவும் நடந்துவிடக் கூடாது என்பதைத் தவிர விசாலாட்சிக்கு அன்றிலிருந்து வேறு நினைப்பே இல்லை.

அந்த நேரம் பார்த்துத்தான் ஓவர்சியர் திருநாவுக்கரசு வந்தார். கட்டட வேலையை அளந்து பார்க்க ஆபீசிலிருந்து போட்டிருந்த ஆள். ஒல்லி, கண்ணாடி, ஜம்புலிங்கம் மாதிரியே ஊர்ப் பேச்சு, தீவுக்குப் புதுசு. முதல் நாள் டேப்பைச் சுருட்டி வைத்துவிட்டுப் பெஞ்சில் உட்கார்ந்து டீ வாங்கிக் குடித்தார். எந்த ஊர் என்று விசாலாட்சியைக் கேட்டார். இதே ஊர் என்றாள். அதற்கு முன்னால் என்றார். அதற்கு முன்னாலும் இதே ஊர் என்றாள். அவர் விடவில்லை.

"இந்த லைன் போட்டப்ப உங்க தாத்தாவும் வேலை செஞ்சாருன்னு துறையில சொன்னாங்கம்மா. அவரு எப்ப வந்தாரு, எப்படி வந்தாரு?"

கொட்டகையில் டீ குடித்துக்கொண்டிருந்த நாலைந்து பேரும் கிளாசைக் கீழே வைத்துவிட்டார்கள். ஒரு ஆள் எழுந்து வெளியே போய்விட்டான். விசாலாட்சி அடுப்பில் தண்ணீரை ஊற்றி அணைத்துக் கடை சாத்திவிட்டதாகச் சொன்னாள். வெயில் இன்னும் ஏறக்கூட இல்லை.

மெயின்லேண்டில் இரண்டு பேர் சந்தித்தால் எந்த ஊர், யார் பிள்ளை என்று கேட்பது வாசலில் செருப்பைக் கழற்றுவது போல ஒரு சாதாரண காரியம் என்பது அவளுக்குத் தெரியாது. அவளுக்குத் தெரிந்து அந்தக் கேள்வியைக் கேட்கிறவர்கள் இரண்டே வகை. ஒன்று போலீஸ், இன்னொன்று கல்யாணத்துக்கு முன்னால் விசாரிக்க அனுப்பப்பட்ட ஆள். இவர் போலீஸ் இல்லை. அப்படியானால் யார் அனுப்பியது? வாயால் கேட்காமல் பெரிய மனுஷனாக நடந்துகொண்ட ஜம்புலிங்கம் பின்வாசல் வழியாக ஆள் விட்டுத் துப்புத் துலக்குகிறாரா? சந்தேகம் அவளுக்குள் நல்ல தீனி கிடைத்த ஆட்டுக்குட்டி மாதிரி துள்ளியது.

மறுநாளே அதற்குச் சாட்சியும் கிடைத்தது. மணல் குவித்து வைத்திருந்த இடத்தில் ஓவர்சியரும் கோவிந்தராஜும் தனியாக நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். ஓவர்சியர் விரலை ஆட்டி என்னவோ சொன்னார். கோவிந்தராஜின் முகம் வெளுத்திருந்தது. விசாலாட்சி வருவதைப் பார்த்ததும் இரண்டு பேரும் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். தன் தாத்தாவைப் பற்றித்தான் பையனிடம் கோள் சொல்கிறார் என்று அவளுக்கு உறுதியாகிவிட்டது. பாவம், நல்ல பையன், கேட்டு எப்படி வெளுத்துப்போனான் என்று அவன்மேல் இரக்கம்கூட வந்தது.

அன்று சாயங்காலமே முத்துமணியைக் கூட்டிக்கொண்டு வீடு வீடாகப் போனாள். காரணம் சொல்ல வேண்டிய அவசியமே இருக்கவில்லை. ஓவர்சியர் பழைய கதை கேட்கிறார் என்றதும் ஊரே கதவைச் சாத்திக்கொண்டது. அதற்குப் பிறகு அந்த மனிதர் பட்ட அவதியைப் பார்த்தால் யாருக்கும் பரிதாபம் வரும். லைனை யார் போட்டது என்று ஒருவரைக் கேட்டால் ஜப்பான்காரன் என்றார், ஜப்பான்காரன் வருவதற்கு அரை நூற்றாண்டு முன்னால் அவர் தகப்பனே அதில் கல் உடைத்தவர். இன்னொருவர், தான் பிறந்தபோதே லைன் இருந்தது, அது தானாக முளைத்திருக்கும் என்றார். நாற்பது வருஷமாக ஹிந்தியில் வைதுகொண்டிருந்த பர்மாக்கார யானைப் பாகனுக்கு ஓவர்சியரைக் கண்டதும் ஹிந்தி மறந்துபோயிற்று.

திருநாவுக்கரசு ஒரு நாள் விசாலாட்சியின் வீட்டுக்கே வந்துவிட்டார். தங்கம் தண்ணீர் எடுக்கப் போயிருந்தாள். வாசலில் நின்றபடி, ஒரு முக்கியமான விஷயம் பேச வேண்டும், உங்கள் வீட்டுக் கல்யாண சம்பந்தமானது, அதற்கு முன்னால் உங்கள் குடும்பத்தைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொண்டால் நல்லது என்று பதமாக ஆரம்பித்தார். குடும்பம் என்ற வார்த்தை காதில் விழுந்ததுமே விசாலாட்சி கதவைச் சாத்திவிட்டாள். சாத்தின கதவுக்கு வெளியே அவர் கொஞ்ச நேரம் நின்றார். தொண்டையைச் செருமினார். பிறகு செருப்புச் சத்தம் போய்விட்டது. கல்யாணம் என்று அவர் வாயாலேயே சொல்லிவிட்டார், இனி என்ன ருசு வேண்டும் என்று இவள் உள்ளே தாழ்ப்பாளையும் போட்டுக்கொண்டாள்.

இனிப் பொறுத்திருப்பதில் பிரயோசனமில்லை என்று மறுநாள் ஃபெரி ஏறி மரைன் ஹில்லுக்குப் போனாள். ஜம்புலிங்கம் நாற்காலி போட்டு உட்காரவைத்துக் காப்பி கொடுத்தார். அவள் சுற்றி வளைத்து ஆரம்பித்தாள். அந்த ஓவர்சியர் உங்கள் ஊர்ப் பக்கமாமே, எங்கள் தெருவில் வந்து என்னென்னவோ கேட்டுக்கொண்டிருக்கிறார் என்றாள். சொல்லிவிட்டு அவர் முகத்தையே பார்த்தாள். காப்பி டம்ளரை அவர் மெல்லக் கீழே வைத்தார்.

"என்ன கேட்டான்? உங்ககிட்ட என்ன சொன்னான்?"

கேட்கத்தான் கேட்டார், சொல்வதற்கு நான் விடவில்லை, கதவைச் சாத்திவிட்டேன் என்றாள். நிஜமாகவே ஒன்றும் சொல்லவில்லையா என்று அவர் மறுபடி மறுபடி கேட்டார். பிறகு முகம் தெளிந்தது.

"நல்ல காரியம் பண்ணினீங்க சம்பந்தியம்மா. அவன் ஒரு மாதிரியான ஆளு. நான் பாத்துக்கிறேன்."

மலையிலிருந்து இறங்கும்போது விசாலாட்சிக்குக் கால் தரையில் பாவவில்லை. ஓவர்சியரை அனுப்பியது அவர் இல்லை. அது மட்டுமா, நமக்காக அவர் பதறிப்போய்விட்டார். என் குடும்பத்து மானத்தைத் தன் மானமாக நினைக்கிற மனுஷனைப் போய்ச் சந்தேகப்பட்டோமே என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். கொஞ்ச நாளில் திருநாவுக்கரசுக்கு வடக்கே தொலைவில் இருக்கிற ரங்கத்துக்கு மாற்றல் வந்துவிட்டது என்ற செய்தி ஸ்டேஷனுக்கு எட்டியது. யாரோ மேலே சொல்லியிருக்கிறார்கள் என்று பேசிக்கொண்டார்கள். அன்றைக்கு டீயில் சர்க்கரை தாராளமாக இருந்ததை எல்லாரும் கவனித்தார்கள்.

மார்கழிக் கடைசியில் கூறைப் புடவை எடுக்க விசாலாட்சி தனியாகவே அபர்தீன் பஜாருக்குப் போனாள். துணி மூட்டையோடு திரும்பிச் சாத்தம் துறைக்கு வந்தபோது, ரங்கத் போகிற போட்டுக்காகத் தகரப் பெட்டிமேல் உட்கார்ந்திருந்தார் ஓவர்சியர். பார்க்காதது போலத் தாண்டிப் போக நினைத்தாள். ஆனால் துறையில் அந்தப் பக்கம் தண்ணீர், இந்தப் பக்கம் மில்லின் மரக்குவியல், அவள் ஃபெரி வருகிற இடமும் அதேதான். அவர் எழுந்து நின்றார். கோபமாக இருப்பார் என்று எதிர்பார்த்தாள். அவர் களைத்துப்போய்த்தான் இருந்தார்.

"பஸ் ஸ்டாண்டு திறப்பு விழா அன்னிக்கு வாசிக்க, இந்தப் பழைய ஸ்டேஷனுக்கு அரைப் பக்கம் சரித்திரம் எழுதச் சொன்னாங்கம்மா. அதுக்குத்தான் எல்லார்கிட்டயும் கேட்டேன். ஒருத்தரும் வாயைத் தொறக்கல. பழைய காலத்தில் கட்டப்பட்டதுன்னு ஒரே வரி எழுதிக் குடுத்துட்டேன். அது போகட்டும். உங்க வீட்டுக்கு வந்தது அதுக்கில்ல."

எதற்கு என்று அவள் கேட்கவில்லை. அவர் இந்தத் தடவை பதமாக ஆரம்பிக்கவும் இல்லை, நேராகவே சொல்லிவிட்டார். கோவிந்தராஜுக்கு விருத்தாசலத்தில் பெண்டாட்டி இருக்கிறாள். ஒரு பெண் குழந்தையும் இருக்கிறது. மச்சானோடு ஏதோ வாய்ச்சண்டை, அடிதடி, அந்த மச்சான் மண்டை உடைந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அண்ணனும் தம்பியும் ஊரைவிட்டு வந்தவர்கள்தான், திரும்பிப் போகவில்லை. இங்கே வந்து பார்த்ததும் பையனைத் தனியாகக் கூப்பிட்டு எச்சரித்தேன், கேட்கவில்லை, உங்களிடம் சொல்லலாம் என்று வந்தேன், நீங்கள் கதவைச் சாத்திவிட்டீர்கள் என்றார்.

விசாலாட்சிக்கு முதலில் வந்தது அவளுடைய பழைய துணையான சந்தேகம்தான்.

"எம் பொண்ணு மேல உங்களுக்கு என்ன சாப் அவ்வளவு அக்கறை?"

"விருத்தாசலத்துல இருக்கிற அந்தப் பொண்ணு எங்க தெருவும்மா. அவ கல்யாணத்துல நான் சாப்பாடு பரிமாறியிருக்கேன். ஒரு சம்பந்தம் பேசுறப்ப அந்த வீட்டைப் பத்தி ஒரு வார்த்தை விசாரிக்க மாட்டாங்களா யாராவது?"

"நாங்க யாரையும் கேக்கறதில்ல," என்றாள் விசாலாட்சி. சொல்லும்போதே அந்த வார்த்தை வாயில் கசந்தது.

ஃபெரியில் வரும்போது மூட்டையை மடியில் இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தன்னை மாற்றலில் விரட்டிவிட்ட வன்மத்தில் ஓவர்சியர் பொய் சொல்கிறார் என்று நினைத்துப் பார்த்தாள். கல்யாணத்தைக் கெடுத்து வேடிக்கை பார்க்கிற ஜாதி என்று நினைத்துப் பார்த்தாள். எத்தனையோ வருஷமாகக் கூப்பிடாமலே வந்து நின்ற சந்தேகம், இன்றைக்கு வேண்டும் என்று கூப்பிட்டபோது வரவில்லை. அதற்குப் பதிலாக மணல் குவியல் பக்கம் வெளுத்த அந்த முகம் வந்தது. ஜம்புலிங்கம் டம்ளரைக் கீழே வைத்த விதம் வந்தது. சாதியும் ஜாதகமும் கேட்காத பெருந்தன்மை வந்தது. நாம் பயந்த அதே ஓவர்சியரைப் பார்த்து ஜம்புலிங்கமும் பயந்திருக்கிறார், நாமே போய் அவருக்கு எச்சரிக்கையும் செய்துவிட்டு வந்திருக்கிறோம் என்று புரிந்தபோது அவளுக்கு அவமானத்தில் உடம்பெல்லாம் எரிந்தது. பேசாமல் இருந்துவிட்டால் என்ன என்றும் ஒரு நினைப்பு வந்தது. விருத்தாசலம் கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. நின்றுபோன கல்யாணத்துப் பெண்ணை இந்தச் சின்ன ஊரில் யார் கட்டுவார்கள்? ஃபெரி துறையில் முட்டி நிற்கும்வரை அந்த நினைப்பு போகவில்லை.

ஸ்டேஷனில் கூரை பிரித்துக்கொண்டிருந்தார்கள். பாதித் தகரம் இறங்கிவிட்டது, டீக்கடைக்கு மேலே வானம் தெரிந்தது. ஜம்புலிங்கம் குடை பிடித்துக்கொண்டு நின்றார். கோவிந்தராஜ் தகரங்களை அடுக்கச் சொல்லிக்கொண்டிருந்தான். கூலிக்காரர்களில் பாதிப் பேர் நயாகாட்டின் பழைய வீட்டுப் பிள்ளைகள். கடையில் தங்கமும் முத்துமணியும் இருந்தார்கள். விசாலாட்சி மூட்டையைப் பெஞ்சில் வைத்தாள். அவள் குரல் எல்லாருக்கும் கேட்கும்படி வந்தது, அப்படி வரவேண்டும் என்று அவள் நினைத்தது இல்லை.

"தம்பி, நீங்க எதுக்கு இந்தத் தீவுக்கு வந்தீங்க?"

கூரைமேல் இருந்தவன் சுத்தியலை நிறுத்தினான். அந்த ஊர்க்காரர் யாரும் ஒரு மனுஷன் முகத்துக்கு நேரே இந்தக் கேள்வியைக் கேட்டதில்லை. முத்துமணி வாயைப் பொத்திக்கொண்டாள். கோவிந்தராஜ் அண்ணனைப் பார்த்தான். அந்தப் பார்வையே போதுமாக இருந்தது, ஆனாலும் அவள் விருத்தாசலத்தையும் பெண்டாட்டியையும் குழந்தையையும் வாய்விட்டுச் சொல்லி, உண்டா இல்லையா என்று கேட்டாள். இல்லை என்று அவன் சொல்லவில்லை. கையில் இருந்த தகரத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் பிடித்துக்கொண்டே நின்றான்.

ஜம்புலிங்கம்தான் குடையை மடக்கிக்கொண்டு பக்கத்தில் வந்தார். குரலைத் தாழ்த்திப் பேசினார், கோபப்படவும் இல்லை.

"எதுக்கு சம்பந்தியம்மா இந்தக் கேள்வியெல்லாம்? உங்க தாத்தா எதுக்கு வந்தாருன்னு நான் கேட்டனா? உங்க ஜனங்க ஒருத்தரையும் எதையும் கேக்க மாட்டாங்கன்னு சொன்னாங்க. அதுக்காகத்தான் உங்க வீட்டுல பொண்ணு எடுத்தேன்."

 தன் ஜனங்களின் மரியாதை என்று விசாலாட்சி காத்து வந்த ஒன்றை, சந்தையில் மாட்டுப் பல்லைப் பார்ப்பது போலப் பார்த்துத் தேர்ந்தெடுத்திருக்கிறார் இந்த மனுஷன். பிறகு அவள் பேசியது தாழ்ந்த குரலில் இல்லை.

"எங்க தாத்தா ஒருத்தரைக் கொன்னுட்டு வந்தாரு. ஜட்ஜ் கேட்டப்ப ஆமான்னு சொன்னாரு. கால்ல இரும்போட இந்த லைனுக்கு மண்ணு சுமந்தாரு. ஒளிஞ்சுக்கிட்டு வரல. இங்க வந்து இன்னொருத்தி வீட்டுல, எனக்கு யாருமில்லன்னு சொல்லி உக்காரல. மாலூம் ஆச்சா, தெரிஞ்சுதா? எடுங்க உங்க வெத்தலை பாக்கை."

ஜம்புலிங்கம் கூலிக்காரர்களைப் பார்த்து வேலையைப் பார்க்கச் சொன்னார். யாரும் பார்க்கவில்லை. கூரைமேல் இருந்தவன் இறங்கிவிட்டான், மற்றவர்களும் ஒவ்வொருவராக முண்டாசை அவிழ்த்து உதறித் தோளில் போட்டுக்கொண்டு துறைப் பக்கம் நடந்தார்கள். பிரிந்தும் பிரியாமலும் இருந்த கொட்டகையில் அண்ணனும் தம்பியும் மட்டும் நின்றார்கள். புடவை மூட்டை பெஞ்சிலேயே கிடந்தது, முத்துமணிதான் நினைவாக எடுத்துக்கொண்டு வந்து வீட்டில் கொடுத்துவிட்டுப் போனாள். அவளும் ஒன்றும் கேட்கவில்லை.

வீட்டில் தங்கம் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அழுதிருந்தாள், இப்போது அழவில்லை. விசாலாட்சி பக்கத்தில் போய் உட்கார்ந்து தலையைத் தொட்டாள். எல்லாம் போகட்டும், தப்பித்தாய் என்று நினைத்துக்கொள் என்றாள். தங்கம் அம்மாவின் கையை எடுத்துக் கீழே வைத்தாள்.

"எனக்குத் தெரியும்மா, என்னவோ இருக்குன்னு. மெயின்லேண்ட் கப்பல் வர்ற அன்னிக்கெல்லாம் அவரு துறைப் பக்கமே போகமாட்டாரு. யாரோ எறங்கி வந்துடுவாங்கன்னு பயந்த மாதிரி கொட்டகைக்குள்ளயே நிப்பாரு. கேக்கணும்னு வாய் வரைக்கும் வந்துச்சு. நீதான என்னைக் கேக்கக் கூடாதுன்னு வளத்த."

 விசாலாட்சி ஊரையெல்லாம் சந்தேகப்பட்டுக் காவல் காத்தது இந்தப் பெண்ணுக்காகத்தான். அந்தப் பெண்ணின் வாயைக் கட்டிப்போட்டதும் தான்தான் என்பதை அவளால் தாங்க முடியவில்லை. இனிமேல் என்ன வேண்டுமானாலும் கேள், யாரை வேண்டுமானாலும் கேள் என்றாள்.

தங்கம் அம்மாவின் பக்கம் திரும்பினாள்.

"அந்தத் தாத்தா யாரைக் கொன்னாரு?"

"கூடப்பொறந்த தம்பியை."

"எதுக்கு?"

விசாலாட்சி வாயைத் திறந்தாள். அவளுக்குப் பத்து வயது ஆகும்வரை அந்தத் தாத்தா இதே வீட்டில் இருந்தார், அவள் சாப்பிடும்போது மீனில் முள் எடுத்துக் கொடுத்தார். செத்துப்போன அன்றைக்குத்தான் அவள் அப்பா இந்த ஒரு வரியை அவளிடம் சொன்னார்.

"தெரியாது. நான் கேட்டதில்ல."

"சரி. விருத்தாசலத்துல இருக்காளே, அவ பேரு என்ன? கொழந்தை பேரு என்ன?"

"அதையும் கேக்கலடி."

தங்கம் எழுந்து முகம் கழுவிக்கொண்டாள். முந்தானையால் துடைத்துக்கொண்டு, செருப்பை மாட்டினாள். எங்கே போகிறாய் என்று விசாலாட்சி கேட்டாள்.

"அவரு இன்னும் ஸ்டேஷன்லதான் நிப்பாரு. கேட்டுட்டு வர்றேன்."